முனை பூருது, படம் வருதில்ல: களுவாஞ்சிக்குடி ஸ்டூடியோ ஒன்றில் 2002ஆம் ஆண்டுக் கணினியும் டைப்-சி போனும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அந்த ஸ்டூடியோவுக்கு நான் முதலில் போனது ஒரு அடப்டர் வேலை செய்யவில்லை என்ற முறைப்பாட்டுக்காக. போய்ப் பார்த்தால் ஒன்றல்ல, மூன்று. ஸ்டூடியோக்காரர் அறுபது தாண்டியவர். ஊரில் எல்லோருக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன். மேசை லாச்சியை இழுத்து மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"எல்லாம் பூருது தம்பி. பூந்து என்ன? படம் வருதில்ல."

முனை உள்ளே போகிறது, ஆனால் போனில் உள்ள படம் பழைய கணினிக்கு வருவதில்லை என்கிறார். இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. சனம் கடைக்குப் போய் "இந்த ஓட்டைக்குள்ள போறமாதிரி ஒண்டு தாங்க" என்று கேட்கிறது. கடைக்காரரும் ஓட்டைக்குப் பொருந்துவதைக் கொடுக்கிறார். முனை பொருந்தியதும் போனும் கணினியும் பேசிவிடும் என்று இருவருமே நம்புகிறார்கள். நான் பார்த்த இப்படியான வேலைகளில் முனை மட்டும் பிழையாக இருந்தது குறைவு. மின்சாரம், பேச்சுமுறை, பென் டிரைவை எழுதியிருக்கும் முறை, படத்தின் கோப்பு வகை என்று பின்னால் இன்னும் நான்கு இடங்களில் சங்கிலி அறலாம். இந்த ஸ்டூடியோவில் நான்கிலும் அறுந்திருந்தது.

லாச்சிக்குள் இருந்த மூன்று

முதலாவது குட்டி அடப்டர். ஒரு பக்கம் டைப்-சி துளை, மறுபக்கம் பழைய தட்டை முனை. அதில் பழுது எதுவும் இல்லை.

இரண்டாவது, ஒரு பக்கம் யூ.எஸ்.பி, மறுபக்கம் ஒன்பது ஊசிச் சீரியல் முனை. "பின்னால சும்மா கிடக்கிற போர்ட்டில குத்துங்க" என்று யாரோ சொல்லி விற்றிருக்கிறார்கள். இது திசை மாறிய சாமான். யூ.எஸ்.பி இருந்தும் சீரியல் போர்ட் இல்லாத புதுக் கணினியில், தராசு, மோடம் போன்ற பழைய கருவிகளைப் பொருத்தத்தான் இது செய்யப்பட்டது. யூ.எஸ்.பி பக்கத்தில் கணினி இருந்து கட்டளை இட வேண்டும். போனைக் கொண்டுவந்து சீரியல் போர்ட்டில் பொருத்தினால் இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கும். பேசினாலும் பயனில்லை: அந்தப் போர்ட்டின் வழக்கமான உச்ச வேகம் செக்கனுக்கு 115,200 பிட். 3 மெகாபைட் படம் ஒன்று வந்து சேர நான்கு நிமிடத்துக்கு மேல் போகும்.

மூன்றாவது ஒரு கேபிள், பவர் பேங்குடன் வந்தது. அண்ணனிடம் கேட்டுவிட்டு அதை நடுவில் வெட்டினேன். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். தரவு கொண்டுபோகும் பச்சையும் வெள்ளையும் இல்லை. சார்ஜுக்கு மட்டும் செய்த கேபிள். அண்ணன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மாதமாக அவர் இதைத்தான் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டு இருந்திருக்கிறார்.

இந்தப் பெட்டியை ஏன் தூக்கி எறியவில்லை

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, சாமான்கள் கொழும்பிலிருந்து மறிப்பில்லாமல் வரத் தொடங்கிய காலத்தில் வாங்கிய பெட்டி. பென்டியம் 3, இன்டெல் 815 சிப்செட், அந்த சிப்செட் தாங்கும் உச்சமான 512 மெகாபைட் நினைவகம், 40 கிகாபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. முன்னால் இரண்டு யூ.எஸ்.பி, பின்னால் இரண்டு. நான்கும் 1.1 தலைமுறை, அதாவது செக்கனுக்கு 12 மெகாபிட். யூ.எஸ்.பி 2.0 என்ற 480 மெகாபிட் தரம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, ஆனால் இந்தக் கணினியின் மதர்போர்ட் பலகையில் அது இல்லை.

பழைய பிரின்டர்களுக்கான பேரலல் போர்ட்டில் ஒரு பெரிய ஆறு நிறப் பிரின்டர் தொங்குகிறது. 12க்கு 18 அங்குலப் படம் அதில்தான் அடிப்பது. உள்ளே, பழைய ஸ்கேனர்களைப் பொருத்தும் ஸ்கஸி கார்டு ஒன்று, அதன் நுனியில் நெகட்டிவ் ஸ்கேனர். இரண்டுக்கும் இருப்பவை 32 பிட் எக்ஸ்பி டிரைவர்கள். இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றைக் கிட்டவும் எடுக்காது.

அந்த ஸ்கேனர்தான் முக்கியம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரைப் பக்கத்துச் சனம் வீட்டோடு அல்பத்தையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு இந்தக் கடைப் படியில் வந்து நின்றது. "எங்கட கலியாணப் படம் உங்களிட்ட இரிக்கா?" அண்ணனின் அலுமாரியில் நெகட்டிவ் இருந்தது. இன்றைக்கும் மாதத்தில் ஒருவர் இருவர் வந்து கேட்கிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியபோது, எல்லாவற்றையும் புதிதாக வாங்கும் யோசனை இருந்த இடம் தெரியாமல் போனது.

இடையில் ஒருவர் விண்டோஸ் 10 போட்டுப் பார்த்திருக்கிறார். ஏறவில்லை, ஏறவும் ஏறாது. விண்டோஸ் 8 முதற்கொண்டு புரொசஸரிடம் எஸ்.எஸ்.இ 2, என்.எக்ஸ் ஆகிய வசதிகளைக் கேட்கிறது. பென்டியம் 3இல் இரண்டும் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் அவர் விட்டுப் போனது புண்ணியம்.

கைவைக்க முதல் டிஸ்க்கைக் கழற்றி என் லப்டொப்பில் பொருத்தி முழுப் பிரதி எடுத்தேன். இருபது வருடம் ஓடிய டிஸ்க் எந்த நாளும் நிற்கலாம். பிரதி எடுக்காமல் வேலை தொடங்குகிறவரிடம் பழைய பெட்டியைக் கொடுக்காதீர்கள். பலகையில் இருந்த காசு பற்றரியும் செத்துப்போய்க் கிடந்தது. கணினி ஒவ்வொரு நாளும் 2001 ஜனவரி முதலாந் திகதியில் கண் விழித்தது. ஒரு சி.ஆர் 2032 போட்டதும் அது சரி.

மின்சாரமும் பேச்சும்

முன்பக்கப் போர்ட் இரண்டையும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். உலோகக் கூட்டின் விளிம்பில் பச்சை பூத்திருந்தது. கடல் கிட்ட, உப்புக் காற்று. பித்தளையும் செம்பும் இங்கே இப்படித்தான் ஆகும். மல்டிமீட்டர் வைத்தால் சும்மா இருக்கும்போது 5 வோல்ட். போனைக் குத்தியதும் 4.4. யூ.எஸ்.பி 2.0 விதிப்படி இப்படியான போர்ட்டில் 4.75க்குக் கீழே இறங்கக் கூடாது. போன் சார்ஜ் ஆவதுபோல் ஒரு செக்கன் காட்டிவிட்டு அறுந்தது, திரும்பப் பிடித்தது, திரும்ப அறுந்தது. எக்ஸ்பி ஒவ்வொரு தடவையும் 'டிங்' என்று ஒலி எழுப்பியது. அண்ணன் இதைத்தான் "போனுக்கு மெஷினப் பிடிக்குதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். முன்பக்கப் போர்ட்டுகள் ஒரு நீள வயர் வழியாகப் பலகைக்குப் போகின்றன. பின்பக்கத்தவை பலகையிலேயே இருக்கின்றன. பழைய கணினி என்றால் எப்போதும் பின்னால் குத்துங்கள்.

கேபிளிலும் ஒரு கவனம் வேண்டும். தட்டை முனையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். "இந்தப் பக்கம் பழைய போர்ட், கொஞ்சமாக இழு" என்று அது போனுக்குச் சொல்கிறது. மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் அந்த இடத்தில் 10 கிலோ ஓம் போட்டிருப்பார்கள். போன் 3 அம்பியர் கிடைக்கும் என்று நினைத்து இழுக்கும். 0.5 அம்பியருக்குச் செய்த பழைய போர்ட்டின் கதி என்னவாகும்?

நல்ல கேபிள், பின்பக்கப் போர்ட். இப்போது போன் நிலையாக நின்றது, ஆனால் எக்ஸ்பி அதை அடையாளம் காணவில்லை.

பழைய போன்கள் பென் டிரைவ் மாதிரி ஓர் எழுத்தாக வந்து நின்றது ஞாபகம் இருக்கும். அந்த முறையில் போன் தன் சேமிப்பிடத்தை அப்படியே கணினியின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். 2011இல் அண்ட்ரொய்ட் 3.0 வந்ததிலிருந்து அந்த வழக்கம் போய் எம்.டி.பி என்ற முறை வந்தது. கணினி கோப்பைக் கேட்கும், போன் எடுத்துக் கொடுக்கும், களஞ்சியத் திறப்பு போனிடமே இருக்கும். எக்ஸ்பி பிறந்தது 2001. அதற்கு எம்.டி.பி தெரியாது. விண்டோஸ் மீடியா பிளேயர் 10 அல்லது 11 போட்டால்தான் தெரியவரும். பாட்டுக் கேட்கிற மென்பொருளைப் போட்டால் போன் தெரியும் என்று சொன்னால் யார் நம்புவார்? அண்ணன் நம்பவில்லை.

ஆனால் எக்ஸ்பிக்குப் பிறவியிலேயே தெரிந்த ஒரு பேச்சு உண்டு: கமராக்களுக்கான பி.டி.பி. என் போனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, சார்ஜ் ஆகிறது என்ற வரியைத் தட்டி, பி.டி.பியைத் தெரிந்தெடுத்தேன். 'கமரா இணைக்கப்பட்டுள்ளது' என்று பெட்டி எழும்பியது. எந்த டிரைவரும் போடவில்லை. "இது போன் இல்லையா, கமராவா?" என்று அண்ணன் சிரித்தார்.

பி.டி.பியில் கமரா எடுத்த படங்களின் கோப்புறையும் படங்கள் கோப்புறையும்தான் தெரியும். வட்ஸ்அப்பில் வந்த படம் வேறு இடத்தில் கிடப்பதால் தெரியாது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கொண்டுவருவது வட்ஸ்அப் படம். ஆகவே மீடியா பிளேயர் 11ஐயும் என் லப்டொப்பில் இறக்கிக் கொண்டுவந்து போட்டேன். எக்ஸ்பியின் பிரவுசரால் இன்றைய பாதுகாப்பான தளங்களைத் திறக்கவே முடியாது. எம்.டி.பியும் வந்தது. இந்தப் போர்ட் வேகம் குறைந்தது என்று எக்ஸ்பி மூலையில் ஒரு புகாரைக் காட்டியது. படங்களுக்கு அது காணும் என்று சொல்லி, காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கே என் பிழை ஒன்று இருக்கிறது. முழுவதையும் என் சொந்த அண்ட்ரொய்ட் போனை வைத்தே சோதித்தேன். கடைக்கு எந்தெந்தப் போன் வருகிறது என்று கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை

ஒன்பது நாள் கழித்துக் காலை 7 மணிக்கு அழைப்பு. "தம்பி, செத்த வீட்டுப் படம். பின்னேரம் 4 மணிக்குப் பிரேதம் எடுக்கிறாங்களாம். படம் வருதில்ல."

கல்லடிப் பாலம் கடந்து கல்முனை வீதியால் மோட்டார் சைக்கிளில் போனேன். எட்டரைக்குக் கடையில். இறந்தவர் மண்டூர். கட்டாரிலிருந்து முதல் நாள் இரவு வந்த மகன், விடியலில் வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறிக் குருமண்வெளியில் இறங்கி நேரே இங்கே வந்திருந்தார். கையில் ஐபோன் 15. கண் சிவந்திருந்தது. நித்திரையில்லாமலும் இருக்கலாம்.

கேபிள் குழப்பம் வேண்டாம் என்று அவரே தன் 128 கிகாபைட் டைப்-சி பென் டிரைவில் படத்தை ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அதைக் கணினியில் குத்தியதும், இந்த டிஸ்க் போர்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று எக்ஸ்பி கேட்டிருக்கிறது. கடையில் வேலை செய்யும் பிள்ளை 'இல்லை'யை அழுத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். 'ஓம்' என்று அழுத்தியிருந்தால் தகப்பனின் படத்தோடு அந்த டிரைவில் கிடந்த இரண்டு வருட லீவுப் படங்களும் போயிருக்கும். அன்று அந்தக் கடையில் நடந்த மிகச் சரியான வேலை அவள் செய்ததுதான்.

டிரைவில் பழுதில்லை. 64 கிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபட் முறையில் எழுதப்பட்டு வருகின்றன. எக்ஸ்பிக்கு அதை வாசிக்க 2009இல் மைக்ரோசொஃப்ட் ஒரு சிறு இணைப்பு வெளியிட்டது. இந்தக் கணினியில் அது இல்லை. தனக்கு வாசிக்கத் தெரியாததை 'போர்மட் இல்லை' என்று சொல்வது விண்டோஸின் கெட்ட பழக்கம்.

என் பையில் இருந்த 16 கிகாபைட் இரட்டை முனை டிரைவை எடுத்தேன். ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் தட்டை, உள்ளே எக்ஸ்பிக்குத் தெரிந்த ஃபட் 32 முறை. ஐபோனில் குத்திப் படத்தை ஏற்றி, கணினியில் குத்தினேன். டிரைவ் திறந்தது, கோப்பும் இருந்தது. அதன் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் படம் திறக்கவில்லை.

கோப்பின் வால் எச்.இ.ஐ.சி. 2017இல் ஐ.ஓ.எஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் படங்களை வழமையாக இந்த வகையில்தான் சேமிக்கிறது. அதே தரத்துக்கு ஜேபெக்கின் பாதி அளவு இடம் போதும். ஆனால் எக்ஸ்பி காலத்துப் படம் திருத்தும் மென்பொருளுக்கு அது வெறும் குப்பை.

"தங்கச்சி வட்ஸ்அப்பில அனுப்பினது இரிக்கு மாமா, அத எடுங்க" என்றார் மகன். எடுத்துப் பார்த்தோம். 1200க்கு 1600 புள்ளி. 18 அங்குல நீளத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89 புள்ளி. கண்ணைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உடைந்தது. அண்ணன் தலையாட்டினார். மூலப் படம் மகன் முன்பு வைத்திருந்த ஐபோனில் எடுத்தது, 3024க்கு 4032. அதே அளவுக்கு அடித்தால் அங்குலத்துக்கு 224 புள்ளி வரும்.

வழி போனுக்குள்ளேயே இருந்தது. படத்தைத் திறந்து பகிர்வைத் தொட்டால் மேலே சின்னதாக விருப்பங்கள் என்று ஒரு சொல் இருக்கும். அதற்குள் வடிவம் என்ற இடத்தில் 'அதிகம் பொருந்துவது' என்பதைத் தெரிந்தெடுத்து, கோப்புகளில் சேமிக்கக் கொடுத்து, பென் டிரைவைக் காட்டினால் ஜேபெக்காக இறங்கும். இறங்கியது.

வயல் வரம்பில் நின்ற படம். அண்ணன் பின்னணியை வெளிறச் செய்து, ஆளை மட்டும் தூக்கினார். தோளில் கிடந்த துவாயை அழிக்கவா என்று கேட்டார். "வேணாம் மாமா. அது இல்லாம அப்பா இல்ல." பிரின்டர் கரகரத்து அடித்து முடியும்வரை மகன் கதிரையில் உட்காரவில்லை. பத்தரைக்குச் சட்டம் போட்ட படத்தோடு பாதைக்குப் போனார்.

பிறகு செய்தது

அடுத்த கிழமை நிதானமாக யோசித்தோம். எனக்குப் பிடித்த வழி வலையமைப்பு. இணையம் தொடாத ஒரு சின்ன ரவுட்டர், கணினிக்குக் கேபிள், போனுக்கு வைஃபை. போனில், வலையமைப்பு வழியாகக் கோப்பு கொடுக்கும் எஃப்.டி.பி செயலி ஒன்றை ஓடவிட்டால் எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரரே முகவரி கொடுத்ததும் திறந்துவிடும். முனை, எக்ஸ்ஃபட், மின்சாரம் ஒன்றுமே குறுக்கே வராது. ஸ்டூடியோவின் சொந்தப் போனில் அழகாக வேலை செய்தது. வாடிக்கையாளர் வந்தபோது ஆட்டம் கண்டது. ரவுட்டரில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவியது. செயலியைப் போடச் சொன்னால் சிலர் முறைத்தார்கள். அண்ணனுக்கு முகவரி இலக்கமும் அதன் வாலில் வரும் போர்ட் இலக்கமும் மனதில் நிற்கவில்லை. நான்காம் நாள் ரவுட்டர் அலுமாரிக்குப் போனது. எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

ரவுட்டருக்கு இணையம் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை 2014 ஏப்ரல் 8ஆம் திகதி நிறுத்தியது. அப்படிப்பட்ட பெட்டியை, அதுவும் ஊரின் நெகட்டிவ்களை வைத்திருக்கும் பெட்டியை, நான் இணையத்தில் விடமாட்டேன்.

நின்ற வழி எளிமையானது. மட்டக்களப்பு நகரில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் பலகையில் செருகும் பி.சி.ஐ வகை யூ.எஸ்.பி 2.0 கார்டு ஒன்று கிடைத்தது. என்.ஈ.சி சிப், நான்கு போர்ட். ஸ்கஸியும் லேன் கார்டும் போக மிஞ்சியிருந்த பி.சி.ஐ இடத்தில் அது உட்கார்ந்தது. எக்ஸ்பியின் முதலாம் சேவைப் பொதியிலிருந்தே (சேர்விஸ் பேக் 1) இதற்கான டிரைவர் உள்ளே இருக்கிறது. முன்பு 700 மெகாபைட் கலியாண வீடியோவுக்குப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். இப்போது ஒரு நிமிடமும் ஆகவில்லை.

இரட்டை முனை பென் டிரைவ் இரண்டு வாங்கினோம், இரண்டும் 32 கிகாபைட். அதற்கு மேல் போனால் எக்ஸ்பியின் வழமையான போர்மட் திரையில் ஃபட் 32 தேர்வே வராது. ஃபட் 32இல் ஒரே கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் நீள வீடியோவைத் துண்டாக்கித்தான் கொண்டுவர வேண்டும். எக்ஸ்ஃபட் இணைப்பையும் போட்டுவிட்டேன், வாடிக்கையாளர் தன் டிரைவோடு வந்தால் உதவும்.

பல கையில் போய்வரும் டிரைவ் என்பதால், குத்தியதும் அதில் உள்ளதைத் தானாக ஓடவிடும் ஆட்டோரன்னை முழுதாக நிறுத்தினேன். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு மதிப்பு, 255. 2008 கடைசியிலிருந்து கொன்ஃபிக்கர் புழு பென் டிரைவ் வழியாக எக்ஸ்பிகளுக்குள் புகுந்தது இந்தக் கதவால்தான்.

பயிற்சி அண்ணனுக்கு அல்ல, அந்தப் பிள்ளைக்கு. கமராப் படம் என்றால் கேபிளும் பி.டி.பியும். வட்ஸ்அப் படம் என்றால் டிரைவ். ஐபோன் என்றால் விருப்பங்களைத் தட்டி டிரைவ். அவள் இதை ஒரு கடதாசியில் எழுதி மொனிட்டருக்கு மேலே ஒட்டினாள். கடைசி வரி அவளே சேர்த்தது: "போர்மட் கேட்டால் இல்லை."

ஆறு மாதம் கழித்துப் பிரின்டருக்கு மை ஊற்றப் போனபோது டிரைவ் ஒன்றுதான் இருந்தது. மற்றது யாரோ ஒருவரின் போனோடு போய்விட்டதாம். மிஞ்சியதைச் சிவப்பு நூலால் மேசைக் காலில் கட்டி வைத்திருந்தார்கள். முன்பக்கப் போர்ட் இரண்டையும் பிளாஸ்டர் ஒட்டி அடைத்திருந்தார்கள். லாச்சியைத் திறந்தால் வெட்டிய கேபிளின் இரண்டு துண்டும் அப்படியே கிடந்தன. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றேன்.

"ஆராவது சார்ஜர் கேட்டா முடிஞ்சு குடுக்கலாம் தம்பி."